கோழிக்கறியிலும் மீனிலும் கொலஸ்ட்ரால்: எது கூட்டுகிறது, எது குறைக்கிறது? முழுமையான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கூடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், வீட்டில் முதலில் கை வைப்பது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில்தான். பிராய்லரை நிறுத்து, நாட்டுக்கோழிக்கு மாறு. இறாலைத் தொடாதே, மீன் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு. தோலை உரித்துவிட்டால் கொலஸ்ட்ரால் போய்விடும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சொல்பவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் சில முழுத் தவறு, மற்றவை அரைகுறை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியில் உள்ள கொலஸ்ட்ரால் அளவை இனமும் தீவனமும் கொஞ்சம்தான் அசைக்கின்றன. எந்தப் பாகத்தைத் தட்டில் போட்டுக்கொள்கிறோம் என்பது அதைப் பல மடங்கு மாற்றும். ரத்தத்தில் ஏறும் கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை, கறியோடு சேரும் தேங்காய், எண்ணெய், தோல் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே வரும் படிகளை வரிசையாகப் படித்தால் காரணம் புரியும்.

படி 1: கொலஸ்ட்ரால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கறித்துண்டின் ஓரத்தில் வெள்ளையாகத் தொங்குகிறதே, அது கொழுப்பு. அதுவே கொலஸ்ட்ரால் என்று பலரும் நினைக்கிறார்கள். கொலஸ்ட்ராலைக் கண்ணால் பார்க்க முடியாது. விலங்கின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் அது கலந்திருக்கிறது. சவ்வு குழைந்துவிடாமலும் விறைத்துவிடாமலும் இருக்க அது வேண்டும். அதனால் துளி வெள்ளை இல்லாத நெஞ்சுக்கறியிலும் கொலஸ்ட்ரால் உண்டு. தாவரங்களில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் கடலை எண்ணெய்ப் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று அச்சடிப்பது பெருமைக்குரிய செய்தியே கிடையாது.

இன்னொரு விஷயம்: கோழியும் மீனும் தமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன, பெரும்பாலும் ஈரலில். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மட்டும் தின்று வளர்ந்த கோழிக்குத் தீவனத்திலிருந்து கொலஸ்ட்ரால் வருவதே இல்லை. இருந்தும் அதன் கறியில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. செல் உயிரோடிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை உடல் எப்படியும் உண்டாக்கிவிடும். தீவனத்தை மாற்றிக் கறியின் கொலஸ்ட்ராலைப் பாதியாக்குவது ஏன் இத்தனை கடினம் என்பதற்கான விடை இதுதான்.

படி 2: அட்டவணையில் உள்ள எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

கோழிக்கறியில் 60 மில்லிகிராம் என்று ஓரிடத்தில் இருக்கும், 85 என்று வேறோரிடத்தில் இருக்கும். எது சரி? பெரும்பாலும் இரண்டும் சரிதான். முதலில் பார்க்க வேண்டியது பச்சைக்கறியா, வெந்த கறியா என்பதை.

கால் கிலோ பச்சை நெஞ்சுக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுத்தளம், தோலில்லாத பச்சை நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 73 மி.கி. என்கிறது. அப்படியானால் 250 கிராமில் ஏறக்குறைய 180 மி.கி. இருக்கும். வேகும்போது தண்ணீர் வெளியேறி, கறி சுமார் 180 கிராமாகச் சுருங்கிவிடும். கொலஸ்ட்ரால் தண்ணீரோடு போகாது, பெரும்பகுதி கறியிலேயே தங்கும். இப்போது 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 100 மி.கி. வருகிறது. சமைத்ததால் கொலஸ்ட்ரால் பெருகவில்லை. அதே கொலஸ்ட்ரால் சின்னத் துண்டுக்குள் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பொருளின் பச்சை எண்ணையும் இன்னொன்றின் வெந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படங்கள் வாட்ஸ்அப்பில் ஏராளம். அவற்றை நம்பிக் கறியை விலக்காதீர்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது அளந்த முறை. சாயம் ஏற்றி நிறத்தின் அடர்த்தியைப் பார்க்கும் பழைய முறை, கொலஸ்ட்ராலைப் போன்ற மற்ற ஸ்டீரால்களையும் சேர்த்து எண்ணிவிடும். வாயு நிறப்பிரிகை முறையில் கொலஸ்ட்ரால் தனியாகப் பிரிந்து தெரியும். சிப்பி வகைகளில் இந்த வித்தியாசம் பெரிது. அவை கடல் பாசிகளைத் தின்பதால் தாவர ஸ்டீரால்கள் அவற்றில் நிறைய இருக்கும். பழைய அட்டவணைகள் அதையெல்லாம் கொலஸ்ட்ரால் கணக்கில் போட்டதால்தான் சிப்பிக்குக் கெட்ட பெயர் வந்தது.

நம் ஊர் உணவுக்கு ஓர் ஆதாரம் வேண்டுமென்றால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணை இருக்கிறது. நாம் சந்தையில் வாங்கும் மீன், கோழி வகைகள் அதில் தனித்தனியாக உள்ளன.

படி 3: கோழியைப் பாகம் பாகமாகப் பாருங்கள்

ஒரே கோழிக்குள்தான் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. மேலே சொன்ன அதே அமெரிக்கத் தரவுத்தளத்தின்படி, பச்சையாக 100 கிராமுக்கு:

- தோலில்லாத நெஞ்சுக்கறி: சுமார் 73 மி.கி.
- தோலில்லாத தொடைக்கறி: சுமார் 94 மி.கி.
- இதயம்: சுமார் 136 மி.கி.
- இரைப்பை: சுமார் 240 மி.கி.
- ஈரல்: சுமார் 345 மி.கி.

நெஞ்சுக்கும் தொடைக்கும் ஏன் இந்த வித்தியாசம்? கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது. பறப்பது எப்போதாவதுதான். ஓயாமல் வேலை செய்யும் தொடைத் தசையின் இழைகள் மெலிந்தவை. அவற்றுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதிகம். இழை மெலிய மெலிய, அதே எடைக் கறியில் சவ்வின் பரப்பு கூடுகிறது, சவ்வு கூடினால் கொலஸ்ட்ராலும் கூடுகிறது. தடித்த இழைகள் கொண்ட வெள்ளை நெஞ்சுத் தசையில் அது குறைவு. ஈரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் இடமே என்பதால் அதன் எண்ணில் வியப்பில்லை.

தோலுக்கு வருவோம். வறுத்த நெஞ்சுக்கறியைத் தோலோடு அளந்தால் 100 கிராமில் 84 மி.கி. கொலஸ்ட்ரால். தோலை நீக்கி அளந்தால் 85. வித்தியாசமே இல்லை! ஆனால் கொழுப்பைப் பாருங்கள். தோலோடு 7.8 கிராம், தோலில்லாமல் 3.6 கிராம். கோழித்தோலிலும் கோழிக்கொழுப்பிலும் உள்ள கொலஸ்ட்ரால், எடைக்கு எடை பார்த்தால், கறியில் உள்ளதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஆகவே தோலை உரிப்பது கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவாது, கொழுப்பைப் பாதியாக்க உதவும். அந்தக் கொழுப்பில் ஒரு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஈரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அகற்றும் வேலையை மந்தமாக்கி அதை ஏற்றுவது அதுதான் என்பதால் உரிப்பது இன்னமும் நல்ல பழக்கமே. செய்வது சரி, சொல்லும் காரணம்தான் தவறு.

இங்கே நம் சமையலுக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும். ஓவனில் சுட்ட கோழியின் தோலைச் சுடும் முன் உரித்தாலும் சாப்பிடும்போது உரித்தாலும் கறியின் கொழுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். குழம்பில் அது எடுபடாது. தோல் கொதிக்கும்போது கொழுப்பு உருகிக் குழம்பிலேயே கலந்துவிடும், அதைத்தான் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறோம். அதனால் கடையிலேயே, "அண்ணே, தோல் உரிச்சுப் போடுங்க, வயித்துக் கொழுப்பை எடுத்துடுங்க" என்று சொல்லி வாங்குவதுதான் சரி.

முட்டைக்கோழியை அறுக்கும்போது வயிற்றுக்குள் கொத்துக்கொத்தாக மஞ்சள் கருக்கள் கிடைக்கும், சின்னதும் பெரியதுமாக. குழம்பில் போட்டு வீட்டில் செல்லமான ஆளுக்கு எடுத்து வைப்பார்கள். அது வெறும் மஞ்சள் கரு. 100 கிராம் மஞ்சள் கருவில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்டு. செல்லமான ஆள் பேரப்பிள்ளை என்றால் கவலையில்லை. மாத்திரை சாப்பிடும் தாத்தா என்றால் யோசிக்க வேண்டும்.

நக்கெட், சாசேஜ் போன்றவற்றில் இயந்திரத்தால் எலும்பிலிருந்து சுரண்டிய கறி சேர்ந்திருக்கலாம். அந்த முறையில் எலும்பு மஜ்ஜையும் கறியோடு வந்துவிடுவதால் கொலஸ்ட்ரால் முழுத்தசைக் கறியைவிடக் கூடுதலாக இருக்கும்.

படி 4: இனம், வயது, தீவனம் எவ்வளவு மாற்றும் என்று எடைபோடுங்கள்

நாட்டுக்கோழியா பிராய்லரா என்ற கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது. ருசி, கறியின் உறுதி, வளர்ந்த விதம் எல்லாவற்றிலும் நாட்டுக்கோழிக்கு ஆதரவாகப் பேச நிறைய இருக்கிறது. மேய்ந்து திரிவதால் கொழுப்பும் பொதுவாகக் குறைவு. கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஆய்வுகள் ஒரே திசையில் போகவில்லை. சிலவற்றில் நாட்டு இனத்தில் குறைவாகவும், சிலவற்றில் கூடுதலாகவும் வந்திருக்கிறது. மெதுவாக வளரும் இனத்தின் தசை இழைகள் மெலிந்தவை என்பதை நினைவில் வைத்தால் இது குழப்பமாகத் தோன்றாது. பிராய்லர் வேகமாகப் பெருப்பதற்குக் காரணம் பல தலைமுறைத் தேர்வு இனப்பெருக்கமும் செறிவான தீவனமும்தான். ஹார்மோன் ஊசிக் கதையை இதில் இழுக்க வேண்டியதில்லை.

கடக்நாத் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கருங்கோழி, 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கறியில் 184 மி.கி., சாதாரணக் கோழியில் 218 மி.கி. கொலஸ்ட்ரால் என்ற ஒப்பீடு விளம்பரங்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிதானமாக யோசித்துப் பாருங்கள். சாதாரணக் கோழித் தசையில் 60 முதல் 100 மி.கி. வரை என்பதுதான் பரவலாகக் கிடைக்கும் அளவு. 218 என்ற எண்ணே அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. விளம்பரத்தில் எந்தப் பாகம், எந்த முறை என்றும் சொல்வதில்லை. சரி, அந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், 184 என்பது கடையில் வாங்கும் நெஞ்சுக்கறியின் அளவைவிட இரு மடங்குக்கும் மேல்! கடக்நாத்தை அதன் ருசிக்காக வாங்குங்கள், வளர்க்கும் பழங்குடி மக்களுக்கு வருமானம் போகட்டும் என்று வாங்குங்கள். இதய நோய்க்கு மருந்து என்று கிலோவுக்குப் பல மடங்கு விலை கொடுக்காதீர்கள்.

கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர விதிகளின்படி, ஒரு திட உணவைக் "குறைந்த கொலஸ்ட்ரால்" என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நிறைவுற்ற கொழுப்புக்கும் தனி வரம்பு உண்டு. எந்தக் கோழித் தசையும், நாம் வழக்கமாகச் சாப்பிடும் எந்த மீனும் இந்த வரம்புக்குள் வராது. "லோ கொலஸ்ட்ரால் சிக்கன்" என்ற பலகையைப் பார்த்தால் இந்த ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயது ஏற ஏறத் தசை இழைகள் தடிப்பதால், தசைக்குள் உள்ள கொலஸ்ட்ரால் எடைக்கு எடை சற்று இறங்கும் போக்கு உண்டு. ஆனால் வயதோடு வயிற்றுக் கொழுப்பும் தோலடிக் கொழுப்பும் ஏறும். முட்டையிட்டு முடித்து ஒன்றரை வயதில் கறிக்கு வரும் லேயர் கோழியைக் கழுவும்போது கையில் வழவழவென்று ஒட்டுவது அந்தக் கொழுப்புதான். ஆண் பெண் வித்தியாசம் சிறியது, பெண்ணுக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல்.

தீவனப் பக்கம் சுவாரசியமானது. பண்ணை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படியுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1990-களில் பிராய்லர் தீவனத்தில் பூண்டுப் பொடியும் செம்பு உப்பும் சேர்த்துச் சோதித்தார்கள். நெஞ்சு, தொடைக் கறிகளில் கொலஸ்ட்ரால் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. கொலஸ்ட்ரால் தயாரிப்பின் முக்கியமான படியை நடத்தும் நொதியின் வேகத்தை இவை மட்டுப்படுத்துகின்றன. தீவனத்தால் கிடைக்கக்கூடிய பெரிய மாற்றங்களில் இது ஒன்று. அப்படியும் 73 என்பது 55 ஆகும், பூஜ்யம் ஆகாது. செம்பைத் தோராயமாக அள்ளிப் போடவும் கூடாது. மிஞ்சிய செம்பு எச்சத்தோடு வெளியேறி, அந்த எருவைப் போடும் நிலத்தில் சேர்ந்துகொண்டே போகும். கால்நடை ஊட்டச்சத்து நிபுணரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

ஆளிவிதை, மீன் எண்ணெய் சேர்த்தால் நடப்பது வேறு. கோழி ஒற்றை வயிற்று உயிரினம், தின்ற கொழுப்பின் தன்மையைப் பெரிதும் அப்படியே கறியில் படியவைக்கும். ஆகவே ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு நன்றாகக் கூடும், கொலஸ்ட்ரால் எண் பெரிதாக நகராது. தீவனத்தில் ஆற்றலும் புரதமும் சரியான விகிதத்தில் இருந்தால் வயிற்றுக் கொழுப்பு குறையும். சாப்பிடுபவருக்கும் பண்ணைக்காரருக்கும் ஒருசேர லாபம் தரும் எளிய மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம்.

உங்கள் பண்ணைக் கறியை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால், ஒரே வயதுப் பறவைகளின் ஒரே பாகத்தைக் கொடுங்கள். வாயு நிறப்பிரிகை முறையில் அளக்கச் சொல்லுங்கள், ஈரத்தோடு உள்ள எடைக்கா, உலர்ந்த எடைக்கா என்று எழுதி வாங்குங்கள். உலர் எடைக்குப் போட்ட கணக்கு நாலு மடங்கு பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு.

படி 5: மீனில் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தனித்தனியாகப் பாருங்கள்

மீனில் கொலஸ்ட்ரால் இல்லை என்று உறுதியாக நம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்டு. பச்சையாக 100 கிராமுக்கு மஞ்சள் துடுப்புச் சூரையில் சுமார் 39 மி.கி., ஜிலேபியில் 50, கெண்டையில் 66, அட்லாண்டிக் கானாங்கெளுத்தியில் 70. விலாங்கு 120-ஐத் தாண்டும். எண்ணெயில் அடைத்த டின் மத்தி 140-ஐத் தாண்டுகிறது. ஆக, பல மீன்களும் நெஞ்சுக்கறியும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மீன் உயர்ந்து நிற்பது அதன் கொழுப்பின் தரத்தால். மத்தி, அயிலை, சூரை போன்றவற்றில் உள்ள நீண்ட சங்கிலி ஒமேகா 3 கொழுப்பு, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடைக் குறைக்கிறது.

மத்தியை வைத்து ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். முட்டையிட்டு மெலிந்த மத்தியில் கொழுப்பு 2, 3 சதவீதமாக இருக்கும். தின்று கொழுத்த பருவத்தில் 15 சதவீதத்தையும் தாண்டும், சட்டியில் போட்டால் எண்ணெயே வேண்டாம் என்னும்படி நெய் கக்கும். கொழுப்பு இப்படி ஐந்து ஆறு மடங்கு ஏறினாலும் கொலஸ்ட்ரால் அப்படி ஏறாது. மத்தி சேமித்து வைப்பது டிரைகிளிசரைடு வகைக் கொழுப்பை. கொலஸ்ட்ராலோ சவ்வுகளோடு இருக்கிறது, சவ்வுகள் பருவத்துக்குப் பருவம் பெருகிச் சுருங்குவதில்லை. "நெய் மீன்" என்று பயந்து கொழுத்த மத்தியை ஒதுக்குகிறவர்கள், ஒமேகா 3 அதிகமாக இருக்கும் மாதத்தில் பார்த்து அதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மலிவாகக் கிடைக்கும் இவ்வளவு நல்ல மீன் வேறில்லை.

இனப்பெருக்கப் பருவத்தில் கவனிக்க வேண்டியது சினையை. மீன் சினையில் 100 கிராமுக்கு 370 மி.கி. அளவில் கொலஸ்ட்ரால் உண்டு, ஈரலுக்கு நிகர். முட்டை என்றாலே குஞ்சின் செல்கள் உருவாகத் தேவையான கொலஸ்ட்ராலைத் தாய் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம் அல்லவா? மீன் தலையில் மூளையும், குடலோடு சாப்பிடும் பொடி மீனில் உள்ளுறுப்புகளும் கணக்கில் வரும். சூரையை வெட்டும்போது நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். ஓயாமல் நீந்த உதவும் தசை அது, கோழித்தொடைக்குச் சொன்ன காரணமே இதற்கும் பொருந்தும். வெளிர் சதையைவிட அதில் கொலஸ்ட்ரால் கூடுதல், இரும்புச் சத்தும் கூடுதல்.

வளர்ப்பு மீனா கடல் மீனா என்பது கொழுப்பு அமிலங்களைத்தான் பெரிதும் மாற்றுகிறது. தாவர எண்ணெய்த் தீவனத்தில் வளர்ந்த மீனில் ஒமேகா 3 இறங்கும்.

படி 6: இறால், கணவாய், நண்டு

இறாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 150 மி.கி., கணவாயில் 230 மி.கி. கொலஸ்ட்ரால். மீனைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு, மறைக்க ஒன்றுமில்லை. நண்டுச் சதை 80, 90 அளவில் நின்றுவிடும். அதன் சினை வேறு கணக்கு.

இறாலைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கோழியையும் மீனையும் போல இறாலால் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க முடியாது. அதற்கு உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டை உரிக்கவே முடியாமல் செத்துப்போகும். அதனால் வனாமி இறால் தீவனத்தில் கொலஸ்ட்ராலைத் திட்டமிட்டுச் சேர்க்கிறார்கள். தீவனம் நேரடியாகப் பேசும் இடம் இது.

அப்படியானால் இறாலை விட்டுவிட வேண்டுமா? 1996-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம் ஒரு சோதனையை வெளியிட்டது. கொலஸ்ட்ரால் கோளாறு இல்லாதவர்களுக்கு மூன்று வாரம் தினமும் 300 கிராம் ஆவியில் வெந்த இறால் கொடுத்தார்கள். எல்.டி.எல். சுமார் 7 சதவீதம் ஏறியது, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 12 சதவீதம் ஏறியது, டிரைகிளிசரைடு 13 சதவீதம் இறங்கியது. இறாலில் நிறைவுற்ற கொழுப்பு 100 கிராமுக்கு அரை கிராம்கூட இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். கவனியுங்கள்: ஆவியில் வெந்த இறால். தேங்காய்ப்பாலில் மிதக்கும் இறாலுக்கு இந்த முடிவு செல்லாது.

படி 7: அடுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

100 கிராம் தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. அதை அரைத்து ஊற்றிய குழம்பை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழரை கிராம். அதே தட்டில் உள்ள 100 கிராம் தோலில்லாத நெஞ்சுக்கறியில் இருப்பது ஒரு கிராம் அளவுதான். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும். தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது, கோழியில் உண்டு. இருந்தும் எல்.டி.எல்.லை ஏற்றுவதில் இந்தக் குழம்பில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். தேங்காயை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. எல்.டி.எல். கூடிய வீட்டில் அதைப் பாதியாக்கி, கசகசாவோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரைத்தால் குழம்பு கெட்டியாகவே வரும்.

எண்ணெயும் அப்படியே. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, நல்லெண்ணெயில் அதற்கும் கீழே. பொரிக்கும்போது கறியின் கொலஸ்ட்ரால் கொஞ்சம் எண்ணெயில் இறங்கிவிடும், எண்ணெய் கறிக்குள் ஏறிக்கொள்ளும். ஆய்வகத்தில் பார்த்தால் சில நேரம் பொரித்த மீனில் கொலஸ்ட்ரால் குறைவாகக்கூட வரும். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு பொரிக்க ஆரம்பிக்காதீர்கள்.

குழம்பு வைத்து ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே உறையும் கொழுப்பை ஒரு கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். கோழிக்கொழுப்பும் தேங்காய்க் கொழுப்பும் சேர்ந்தே வந்துவிடும். காரமும் மணமும் கொஞ்சம் குறையும், மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் தூவி ஈடுகட்டலாம்.

படி 8: பழையதும் காய்ந்ததும்

உறைபெட்டியில் வைத்தால் கொலஸ்ட்ரால் அளவு குறிப்பிடும்படி மாறாது. மாறுவது அதன் வடிவம். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் சேரும்போது கொலஸ்ட்ரால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு சேர்மங்களாகிறது. ரத்தக் குழாய்ச் சுவருக்குச் சாதாரணக் கொலஸ்ட்ராலைவிட இவை கூடுதல் தீங்கு செய்யக்கூடியவை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. திரும்பத் திரும்பச் சூடாக்கிய கறி, கொத்திய கறி, வெயிலில் காய்ந்த மீன் ஆகியவற்றில் இது அதிகம் நடக்கும்.

அந்த வகையில் கருவாட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். தண்ணீர் வற்றியதால் எடைக்கு எடை கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும். பல நாள் வெயில் பட்டதால் ஆக்சிஜனேற்றமும் இருக்கும், போதாததற்கு உப்பு. ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தே உள்ளவர்கள் கருவாட்டை எப்போதாவது ஊறவைத்துக் கழுவி, கத்திரிக்காயோடு ருசிக்குச் சேர்க்கும் அளவில் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள், பூண்டு, கறிவேப்பிலை, கிராம்பு போன்றவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. மசாலா தடவி ஊறவைப்பது ருசிக்காக மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணையில் தீவனத்தோடு வைட்டமின் ஈ கொடுத்தாலும் கறி இவ்வகையில் நன்றாகத் தாங்கும்.

படி 9: யார் எண்ண வேண்டும், யார் எண்ண வேண்டாம்

உடலில் ஓடும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. உணவில் வருவதில் ஏறக்குறைய பாதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது, வரவு கூடினால் ஈரல் தன் தயாரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் வெகுகாலம் வைத்திருந்த நாளொன்றுக்கு 300 மி.கி. என்ற வரம்பை 2015-ல் நீக்கியதற்கு இந்த அறிவுதான் பின்னணி. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் கோழிக்கறிக்கும் மீனுக்கும் மில்லிகிராம் கணக்கு எழுத வேண்டியதில்லை.

ஆனால் எல்லா உடலும் ஒன்றுபோல் அடங்குவதில்லை. குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள், பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்தப் பாகங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஈரல், இரைப்பை, மூளை, சினை, இடாத முட்டைக்கரு, கணவாய். இவற்றை மாதத்தில் ஒருமுறை சிறிய அளவில் எடுத்தால் போதும். ரத்தசோகை உள்ள இளம்பெண்ணுக்கோ வளரும் பிள்ளைக்கோ ஈரல் அருமையான உணவு. அவர்கள் தட்டிலிருந்து அதைப் பிடுங்காதீர்கள். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலில் உள்ள மிகுதியான வைட்டமின் ஏ காரணமாக மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பாகவோ அவித்தோ மீன், அதில் ஒரு நாளாவது மத்தி அல்லது அயிலை. ஒரு நாள் தோலுரித்த கோழி, தேங்காய் பாதியளவில். இறால் ஆசைக்கு, எண்ணெய் குறைத்து. பக்கத்தில் கீரையோ அவரைக்காயோ இருக்கட்டும், நார்ச்சத்து குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றும்போது கொலஸ்ட்ராலும் செலவாகிறது. இப்படி இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டபின் அதே ஆய்வகத்தில் பரிசோதித்து, பழைய அறிக்கையோடு வைத்துப் பாருங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்கள் எண் இறங்கிவிட்டது என்று தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும்படி செய்யுங்கள்.